இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக

யோட் முப்பத்து மூன்று, புள்ளி, பூஜ்யம்.
மூக்குக் குழியில் சதை.
ஊறிய ஜவ்வரிசி போல வெளுத்துத் தொங்கும்,
தொட்டால் வலிக்காது.
எண் மட்டும் போதாது, பக்கத்தில் ஓர் எழுத்து வேண்டும்.
இல்லாவிட்டால் காப்பீடு வாய் திறக்காது.

கே என்றால் உறுதி.
ஃபவ் என்றால் சந்தேகம்.
ஆ என்றால், தேடினோம், இல்லை.
ட்ஸெட் என்றால் இருந்தது, போயிற்று,
தழும்புதான் மிச்சம்.
பதினோரு வருடமாக ஆட்களையும்
இப்படித்தான் எண்ணிவைக்கிறேன்.
முன்னாள் கணவர், ட்ஸெட்.

அதற்கும் பின்னால் பக்கம்:
எர் வலம், எல் இடம், பே இரண்டும்.

வுப்பர்டாலில், எல்பர்ஃபெல்ட் பகுதியில்,
மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
தொங்கு ரயில்
ஜன்னலை உரசாத குறையாகப் போகும்.
குவளையில் பேனாக்கள் நடுங்கி அடங்கும்.
அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்பார்கள்.
எனக்கு அதற்குத்தான் சம்பளம்.

மார்ச் முப்பத்தொன்று. காலாண்டின் கடைசி நாள்.
டாக்டர் ப்ரூகமான் நாற்பத்து மூன்று பேரைப் பார்த்து முடித்து
நாற்காலியிலேயே காலணியைக் கழற்றியிருந்தார்.
நாற்பத்து ஒன்றாவது ஆள்:
ஹோல்கர் ஷ்டைன்கூலர், ஐம்பத்தெட்டு,
ரயில் பணிமனையில் மெக்கானிக்.
டாக்டர் குரல்பதிவில் சொன்னது எட்டே சொல்.
இருபுறமும் பாலிப். மூக்குத்தெளிப்பான். மூன்று மாதம் கழித்து வரவும்.

விரல் பே மேல் போய்விட்டது.

ஆனால் கோப்பில் ஒரு தாள் இருந்தது.
அச்சிட்ட மூக்கு, இரண்டு துளை,
டாக்டரே பென்சிலால் தீட்டியது.
இடது கறுப்பு.
வலது வெறும் தாள்.
வரவேற்பறைப் படிவத்தில் அவர் கையெழுத்தில், கிரீஸ் ரேகையோடு:
'ஒருக்களித்துப் படுத்தால்தான் மூச்சு.
எப்போதாவது கைக்குட்டையில் ரத்தம்.'

பத்தாம் வகுப்பில்
இந்தக் கேள்விக்கு எப்போதும் பாதி மதிப்பெண்தான் வாங்குவேன்.
எந்த வரி, யார் சொன்னது, எங்கே சொன்னது.
பொருள் மட்டும் எழுதிவிட்டு
இடத்தை விட்டுவிடுவேன்.

கதவைத் தட்டினேன்.
"இடமா, இரண்டுமா?"
"எதுவானாலும் தொகை ஒன்றுதானே, துஷ்யந்தினி."
கோபம் அவருக்கு மூக்கின் மேலேயே இருந்தது, வாஸ்தவம்.
நான் தாளை நீட்டினேன். எதுவும் சொல்லவில்லை.
நான் வைத்தியம் படித்தவள் இல்லை.
ஆனால் படித்த கையேட்டில் ஒரு பத்தி உண்டு:
இரண்டு பக்கமும் வளர்ந்தால் பெரும்பாலும் அது வெறும் சதை,
ஒரு பக்கம் மட்டும் என்றால்
அது யார் என்று கேட்க வேண்டும்.

ஒரு ரயில் போயிற்று.
இன்னொன்று.
டாக்டர் காலணியை மாட்டிக்கொண்டார்.
தொலைபேசியை அவரே எடுத்தார்.

திருத்தம், பதினாறு நாற்பத்து இரண்டு, என் சுருக்கெழுத்து.
பே நீக்கம். எல்.
கே நீக்கம். ஃபவ்.
இதற்கு முன் எழுதியது அழியாது,
குறுக்குக்கோட்டின் அடியில் அப்படியே தெரியும்.
அப்படித்தான் விதி.

மூன்று வாரம் அந்த ஃபவ் என் திரையில் கிடந்தது.
பிறகு ஆய்வகத்திலிருந்து ஒரு பக்கக் கடிதம்:
டே பதினான்கு, புள்ளி, பூஜ்யம்.
கெட்டது இல்லை.
விட்டால் கெடக்கூடியது.
வேரோடு எடுக்க வேண்டும், தெளிப்பானுக்கு மசியாது.
கே போட்டேன். எல் போட்டேன்.
முப்பத்து மூன்றை எடுத்துவிட்டேன்.

ஷ்டைன்கூலருக்கு என்னைத் தெரியாது.
அறுவைக்குப் பின் மாத்திரைச் சீட்டு வாங்க வந்தவர்
தன் குடையை விட்டுப்போய், திரும்பி வந்து,
பக்கத்து நாற்காலிக்காரரின் குடையை எடுத்துப் போனார்.

டாக்டர் அதைப்பற்றிப் பிறகு பேசவில்லை.
நாற்பத்து ஒன்றாவது ஆளுக்கு முன்னால் மட்டும்
இப்போதெல்லாம் ஒரு காப்பி கேட்கிறார்.

நானோ, காலையில் பால் பொட்டலத்தைக் கத்தரித்ததும்
விரலால் வலதை மூடி முகர்கிறேன்.
பிறகு இடதை மூடி.
பே.
பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.