இரண்டாவது வரி

கப்பலூர் சுங்கச்சாவடி, ஆறாவது தடம்.
இரவு ஒன்று நாற்பது.
இருபது நிமிட இடைவேளை.
ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால்
கேமரா எட்டாத ஒன்றரை அடி நிழலில்
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
கையடக்கக் கணினியை எழுப்புகிறேன்.

பத்தொன்பது தவணை, இன்னும் ஐந்து பாக்கி.
போன மாசம் வந்த ஆட்டம்கூட ஓடும் என்றுதான்
பைபாஸ் ரோட்டுக் கடைக்காரர் விற்றார்.
நான் ஓட்டுவதோ
ஒன்றாம் வகுப்பில் எனக்குப் பல் விழுந்த வருசத்து ஆட்டம்.
'பீமனைக் கூட்டியாந்து
பூப்பறிக்க விட்டிருக்கீங்க மதினி' என்று
கொழுந்தன் சேவுகராசு சிரித்தான்.
பீமன் பூப்பறிக்கத்தான்டா போனான்,
போய்க் கதையைப் படி என்றேன்.

இந்த எந்திரத்துக்குள்
கடையில் எங்கும் கிடைக்காத இன்னோர் எந்திரம்.
அதன் மூச்சை, அதன் மறதியை,
திரையில் ஆள் கூடினால் அது திக்குவதைக்கூட
அப்படியே நடித்துக் காட்டுகிறது.
ஆட்டத்துக்குச் சந்தேகமே வரவில்லை.
நானும் ஒளிர்சட்டை மாட்டிக்கொண்டு
'பயணம் இனிதாகட்டும்' என்று
ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு தரம் சொல்கிறேன்.
யாருக்கும் வருவதில்லை.

அகலத் திரையின் நடுவில் சதுரமாய் ஆட்டம்,
இரு பக்கமும் கறுப்புப் பட்டை.
இழுத்து நிரப்பவும் வழி உண்டு.
நிரப்பினால் வீரன், குதிரை, நிலா
எல்லாரும் குண்டாகிவிடுகிறார்கள்.
இருக்கட்டும்.
என் கூண்டுக்கும் இரு பக்கம் தார்தான்.

எழுத்தெல்லாம் ஜப்பானியம்.
ஒன்றும் தெரியாது. இடத்தை வைத்துப் படிக்கிறேன்.
மேலிருந்து மூன்றாவது, சேமி.
குடை மாதிரி இருப்பது மருந்து.
பூரான் மாதிரி நெளிவது வாள்.

பனிக்கணவாய்க்கு முன்னால் ஒரே ஒரு வீடு.
வாசலில் நீலத் துணி கட்டிய பெண்.
ஏதோ கேட்பாள். கீழே இரண்டு வரி வரும்.
முதல் வரியை அமுக்குவேன்.
குனிந்து வணங்கி விலகிக்கொள்வாள்.
கணவாயில் ஓநாய்கள். சாவேன்.
சாவுக்கு முந்தைய நொடியைச் சேமித்து வைத்திருப்பேன்,
எழுந்து வந்து மறுபடி சாவேன்.
நாற்பத்தொரு முறை.

கூண்டுக்குள் அந்தப் பொத்தான் இல்லை.
'உள்ளூர்க்காரன்கிட்டயே காசா' என்று
திருமங்கலத்துக்காரர் ஆதார் அட்டையை
மூக்குக்கு நேரே ஆட்டியபோது
நான் சொன்ன சொல்லுக்கு
முந்தைய நொடி எங்கேயும் இல்லை.
பிந்தைய நொடி மட்டும்
மேலாளர் ஜெபசிங் மேசையில் மெமோவாக இருக்கிறது.

இன்றைக்கு என்னவோ தோன்றி
போன் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்தேன்.
நீலத்துணிக்காரிமேல்
தமிழ் ஒன்று தள்ளாடி வந்து நின்றது:
'இரவு ஆழமாக உள்ளது. சோறு உண்டு.
தங்குவீர்களா நீங்கள்?'
முதல் வரி: 'இல்லை, அவசரம்.'
இரண்டாவது: 'சரி.'

நாற்பத்தொரு ராத்திரி
உலை வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறாள்.

பேட்டரி ஒன்பது.
இரண்டாவதை அமுக்கினேன்.
திரை இருண்டது. நாலே சுரத்தில் ஒரு தூக்கம்.
விடிந்தது. உயிர்க்கோடு முழுசாக.
வேறொன்றும் நடக்கவில்லை.
காசுகூடக் கேட்கவில்லை அவள்.
நானாக இருந்தால் ரசீது நீட்டியிருப்பேன்.

இரண்டு மணி. ஆறாவது தடம்.
நாகாலாந்து எண் போட்ட லாரி,
ஸ்டிக்கரை எந்திரம் படிக்கவில்லை.
டிரைவர் குனிந்து இந்தியில் ஏதோ கேட்கிறார்.
முடிவில் ஒரு மேடு இருக்கிறது,
கேள்விதான்.
தெரியாத பாஷை எதற்கும் என் பதில் ஒன்றே:
நெல்லை, கன்னியாகுமரி, நேரே போ.
கை அதற்குத்தான் எழும்பியது.
பாதியில் நின்றுவிட்டது.

அவர் மறுபடி கேட்கிறார், மெதுவாக,
விரல்களைக் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோய்.
பீடியா, டீயா, சோறா தெரியவில்லை.
பரோட்டாக் கடை பூட்டியிருப்பார்கள்.
என் டப்பாவில் இரண்டு இட்லி இருக்கிறது,
பொடி தடவினது.
பின்னால் நாலாவது ஹார்ன்.
போன் எங்கே வைத்தேன்.

கேட்டை இன்னும் தூக்கவில்லை.