எழுதச் சொன்னதைச் செய்தவன்

குவோப்பியோவில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
ஏரி இன்னும் முழுதாக உறையவில்லை,
கரையோரம் மட்டும் கண்ணாடி.
வெள்ளிக்கிழமை. இல்போ கர்ப்பினென்
சாவ்னா அடுப்பில் பிர்ச் விறகை அடுக்கிவிட்டு
கல் சூடேறும்வரை கைபேசியைப் பார்த்தான்.

செங்டுவிலிருந்து ஒரு கடிதம். நான்கு வரி.
எழுதியவள் லூ வென்சிங்.
முதல் வரி மன்னிப்பு, கடைசி வரி மன்னிப்பு.
நடுவில் இரண்டு வரி.

பகலில் அவன் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில்
மீட்டர் கணக்குப் பார்க்கிறவன்.
இரவில், பதினோரு வருடமாக,
யாரும் கேட்காமல், யாரும் கொடுக்காமல்
ஒரு கணக்குப்பிள்ளையை வளர்த்துவந்தான்.
சின்ன மென்பொருள்.
மற்ற மென்பொருள்கள் சொல்வதை
ஒன்றுவிடாமல் குறித்துவைப்பதே அதன் பிழைப்பு:
யார் வந்தார், எந்தக் கதவைத் தட்டினார்,
கடவுச்சொல்லை எத்தனை முறை தப்பாக அடித்தார்.
வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்.
வங்கி எடுத்தது. மருத்துவமனை எடுத்தது.
ரோட்டர்டாம் துறைமுகத்தில் ஒரு பாரந்தூக்கி எடுத்தது.
எடுத்தோம் என்று ஒருவரும் சொல்லவில்லை.
உப்புப் போட்டதை யார் சொல்கிறார்கள்?

சோதனைக் கணினியில், பெயர் கேட்ட கட்டத்தில்,
வென்சிங் அனுப்பியதை இட்டான்:
ஒரு டாலர் குறி, ஒரு நெளிந்த அடைப்பு,
உள்ளே ஒரு முகவரி.
கணக்குப்பிள்ளை எழுத உட்கார்ந்தான்,
எழுதுமுன் வாசித்தான்,
வாசித்ததும் எழுந்தான்.
அந்த முகவரிக்கே நடந்துபோய்
அங்கே கொடுத்ததை வாங்கிவந்து
வீட்டுக்குள் ஓடவிட்டான்.
பிறகு திரும்பவும் உட்கார்ந்து
நேரம் போட்டு, ஒழுங்காக எழுதினான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்போம் நாம்.
இல்போவுக்கு அது தெரிய நியாயமில்லை.
அவன் பார்த்ததோ
ஏட்டிலிருந்து கொடி இறங்கி
அடுப்படிவரை வந்துவிட்ட சுரைக்காய்.

யார் பார்த்த வேலை இது?
பழைய பதிப்புகளைத் தோண்டினான்.
ஒன்பது வருடம் முன்பு, ஒரு ஜூலை மாதம்,
முகம் தெரியாத யாரோ அனுப்பிய நூற்றுப்பத்து வரி.
கெட்ட எண்ணமில்லை.
அடைப்புக்குள் ஒன்றை எழுதினால்
அதன் பொருளைத் தானே தேடிவரட்டும்,
வசதியாக இருக்குமே என்றிருந்தான் அந்த ஆள்.
கீழே ஒப்புதல்:
“நல்ல யோசனை. நன்றி. இ. க.”
அந்த வருடம் தனக்கு வந்த ஒரே பரிசு அதுதான் என்பது
இல்போவுக்கு நினைவிருந்தது.

அடுப்பு தணிந்தது.
அக்கா சிர்க்கா எட்டிப்பார்த்துவிட்டு
துண்டைத் தோளில் போட்டபடி திரும்பிப் போனாள்.

முதலில் அழிக்க மனம் வரவில்லை.
யாரோ எங்கோ அதை நம்பி இருப்பார்களே என்று
பூட்டு மட்டும் போட்டான்.
செவ்வாய்க்கிழமை பூட்டிலேயே ஓட்டை.
அப்புறம் அழித்தான். நூற்றுப்பத்து வரியையும்,
தன் நன்றியைத் தவிர.
அதை அழிக்க வழியில்லை.

அதற்குள் முந்நூறு கடிதம்.
கேள்விப்படாத ஒரு காப்பீட்டுக்காரர்
பதினேழு கேள்வி அனுப்பி
இருபத்துநான்கு மணிநேரம் கெடு வைத்திருந்தார்.
ஒன்பதாவது: விடுமுறை நாட்களில்
உங்கள் நிறுவனத்தின் பொறுப்பாளர் யார்?
நிறுவனம் என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நின்றான்.
“அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன்” என்று எழுதி,
அடித்து,
தன் பெயரைப் போட்டான்.

புதன் காலை அலுவலகம்.
நான்காம் பம்பு நிலையத்தின் குறிப்பைத் திறந்தான்.
வெள்ளி அதிகாலை 3:12.
வென்சிங்கின் கடிதத்துக்கு அரை நாள் முன்னால்.
டாலர், அடைப்பு, தெரியாத ஒரு முகவரி.
வந்தவனை,
கதவைத் திறந்துவிட்டவனே குறித்துவைத்திருந்தான்,
ஒரு விநாடி பிசகாமல்,
ஓர் எழுத்து விடாமல்.

அதற்குக் கீழே தொட்டியின் அளவு:
இயல்பு. இயல்பு. இயல்பு. இயல்பு.

கோட்டைக் கழற்றாமலே இல்போ
பம்பு நிலையத்துக்குப் போன் போட்டான்.
யாரையாவது ஏணியில் ஏறச் சொன்னான்,
மூடியைத் திறந்து
தண்ணீரைக் கண்ணால் பார்க்கச் சொன்னான்.