நூல் கரையும் வரை

மாரண்டஅள்ளியிலிருந்து ராயக்கோட்டை வரைக்கும்
தக்காளிக் காடுகளில்
சொட்டுநீர்க் குழாய் பதித்தவன் நான்.
அழுத்தமானி ஒன்றரையைத் தாண்டினால்
எந்த இணைப்பு பிடுங்கிக்கொள்ளும் என்று
சத்தத்திலேயே சொல்வேன்.

என் கண்ணில் முப்பத்தெட்டு.
சத்தமில்லை. வலியில்லை.
ஓரத்து வரிசைகளை மட்டும்
யாரோ ராவோடு ராவாகப் பிடுங்கிப் போயிருந்தார்கள்.
பக்கத்தில் காபியோடு கெம்பம்மா நிற்க
எதிர்ச் சுவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்,
காபி எங்கே என்று.

தர்மபுரி நாலு ரோட்டுக் கண் ஆஸ்பத்திரியில்
வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகம் வைத்து
புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள்.
தெரியாதபோதும் அழுத்தினேன்,
கடன்காரன் முன் காலிப் பையைத்
தட்டிக் காட்டுவதுபோல.
மெஷின் அதையும் கணக்கில் எழுதிக்கொண்டது.

சொட்டு மருந்து மூன்று. பிறகு ஒரு ஆபரேஷன்.
போட்ட துளையை ஆறே மாதத்தில்
உடம்பு தூர்த்துவிட்டது.
"நல்லா ஆறுற உடம்பு உங்களுக்கு,
அதுதான் சிக்கல்" என்றார் டாக்டர் ஷாகிரா.

இந்த முறை குழாய்.
மேலிமைக்கு அடியில் ஒரு தட்டு,
அதிலிருந்து கண்ணுக்குள் இறங்கும் சிலிக்கான்.
"எத்தனை எம்எம்?"
"உள்விட்டம் பாயிண்ட் மூணு."
"அடைச்சுக்கும் மேடம். ஃபில்டர் வைக்கணும்."
முதன்முறையாக அவர் சிரித்துப் பார்த்தேன்.

குழாய் அரித்து வெளியே வராமலிருக்க
மேலே ஒரு ஒட்டு:
இறந்துபோன யாரோ ஒருவரின்
வெள்ளைவிழித் துணுக்கு.
பேர் சொல்ல மாட்டார்களாம்.
அவர் என்னென்ன பார்த்தாரோ,
அந்த வெள்ளை எதையும் பார்த்ததில்லை.
பார்த்ததைச் சுற்றி நின்று
தாங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

குழாயை நூலால் கட்டித்தான் விட்டிருக்கிறார்கள்.
உடனே திறந்தால் கண் தளர்ந்துபோகும்.
ஆறு வாரத்தில் நூல் தானே கரையும்.
அதுவரை குனியாதே, பாரம் தூக்காதே.
வால்வைத் திருகாமல் காத்திருந்து
எனக்குப் பழக்கமில்லை.

நாற்பத்திமூன்றாம் நாள்
பாலக்கோடு பஸ்ஸில் கண் கலங்கலானது.
மறுநாள் அழுத்தம் பன்னிரண்டு.
"போன பார்வை?"
நான் கேட்காததைக் கெம்பம்மா கேட்டாள்.
"வராதும்மா. இருக்கறது இருக்கும்."

வடியும் நீரை உடம்பே குடித்துக்கொள்கிறதாம்.
கடைசி முனையில் ஒரு செடிகூட இல்லாத குழாயை
இப்போதுதான் பார்க்கிறேன்.
பார்க்கிறேனா,
சுமக்கிறேன்.

இன்று ஜக்கசமுத்திரத்துக் காட்டில்
"அண்ணா, ஓரத்துல தண்ணி வரல" என்றான் பையன்.
தலையை முழுசாகத் திருப்பினேன்.
இருந்தது அந்த வரிசை.
எறும்பு புகுந்த ஒரே ஒரு சொட்டுவான்.
கழற்றி ஊதினேன்.
திரும்ப மாட்டும்போது
இரண்டு முறை தவறியது.