அச்சில் வராத வாய்

எனக்கு வாய்கள் பெட்டியில் வரும்.
காரைக்குடி, புதுவயல், கண்டனூர்ப் பல் டாக்டர்கள்
அச்செடுத்து, ஈரத்துணி சுற்றி,
பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார்கள்
தேவகோட்டைக்கு.
இருபத்திரண்டு வருடமாய்
ஊர் எப்படி மெல்லும் என்பதை
பிளாஸ்டரில் மட்டும் பார்த்தவன்.
பிளாஸ்டர் நாறாது.
மெழுகு வைத்தால்
மெழுகைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும்.

உக்காரை என் பட்டறையில் தூங்குவாள்.
வறுத்த பருப்பில் வெல்லம் சேர்ந்த நிறம்,
அதனால் மீனாள் வைத்த பேர்.
சோறும் மீனாள்தான்:
பால் ஊற்றிப் பிசைந்து, இரண்டு வேளை.
எப்போதாவது ஒரு மீன் தலை.
வெள்ளி, செவ்வாய் அதுவும் இல்லை.
கார்த்திகை பிறந்தால் மாதம் முழுக்க இல்லை.
பூனைக்கு யார் மாலை போட்டுவிட்டது என்று
நான் கேட்டதில்லை.

பிறகு ஒரு நாள் தட்டருகே வந்தாள்,
மோந்தாள்,
ஒரு வாய் எடுத்தாள்,
தலையை ஒருபக்கம் சாய்த்து உதறினாள்.
தட்டுதான் தன்னைக் கடித்தது போல
அதை ஒரு அடி அடித்துவிட்டு
அலமாரிக்கடியில் ஓடிவிட்டாள்.
மறுநாளும்.
'திமிர்' என்றாள் மீனாள்.
'எங்கேயோ எலி கிடைக்குது' என்றேன்.
எலி கிடைக்கிற பூனைக்கு
விலா எலும்பு ஏன் விரலில் எண்ணக் கிடைக்கிறது?
யோசிக்க நேரமில்லை.
சாந்திக் கல்யாணத்துக்கு ஒரு பல்செட்,
மாப்பிள்ளைக்கு அறுபது,
வியாழனுக்குள் வேண்டும்.

டாக்டர் ஜெசிந்தா
உதட்டை ஒரு விரலால் தூக்கினார்.
அவ்வளவுதான். ஒரு விரல்.
ஆத்தங்குடிக் கல்லில் ஓடும் சிவப்பு, ஈறு முழுக்க.
கடைவாய்ப் பல் ஒன்று கழுத்தருகே கரைந்து
அந்தக் குழிக்குள் ஈறு ஏறி உட்கார்ந்திருந்தது.
நாற்றம் எனக்குப் புதிதில்லை;
ஒரு மாதமாய் என் மடியில் கொட்டாவி விட்ட நாற்றம்.
கருவாடு தின்றிருப்பாள் என்று
தலையைத் தடவியிருக்கிறேன்.

'பூச்சிப் பல்லா?'
'இல்லை. பல் தானாகக் கரையுது.
ஏன்னு முழுசா யாருக்கும் தெரியாது.'
'பால்சோறா?'
'அதுதான்னு எழுதித் தர மாட்டேன்.
ஆனா இது கறி தின்னப் பிறந்த உடம்பு.
கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய சத்து
மீனில இருக்கு, கறியில இருக்கு,
உங்க சோத்துல இல்லை.'

'நான் பல் செய்கிறவன்' என்றேன்.
ஏன் சொன்னேனோ.
'அப்படியா' என்றார், ஊசியில் மருந்தேற்றிக்கொண்டே.
'பின்னங்காலைப் பிடிங்க.'

ஏழு பற்கள்.
எவர்சில்வர் கிண்ணத்தில் விழுந்தபோது
அரிசியில் கிடக்கும் கல் அளவு சத்தம்.
வீட்டுக்கு வந்து ஒன்றை
நிற அட்டையோடு வைத்துப் பார்த்தேன், பழக்கம்.
பதினாறு நிறம் இருக்கிறது என் அட்டையில்.
எதிலும் சேரவில்லை.
வேர் வெள்ளை, கழுத்தில் ஒரு ரோஜாப் புள்ளி.

தொண்டியிலிருந்து மொபெட்டில் வருகிறவரிடம்
மீனாள் மத்தி வாங்கினாள், வெள்ளிக்கிழமை.
முதலில் விளக்கேற்றினாள்.
பிறகு கொல்லையில் செங்கல் கூட்டி,
முந்தானையால் மூக்கை மூடி,
உப்பில்லாமல் வேகவைத்து
முள் ஒவ்வொன்றாய் எடுத்தாள்.
'சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்' என்றாள்,
நான் ஒன்றும் கேட்கவில்லை.

உக்காரை தின்றாள்.
பல் இருந்தபோது தின்றதைவிட வேகமாக.
நக்கி நக்கித் தட்டு நகர்ந்தது,
சுவர் வரை போய் நின்றது,
அப்புறமும் நக்கினாள்.
எந்தப் பல்செட்டுக்கும் நான் கேட்காத சத்தம்.

சாந்திக்காரர் போன் செய்தார்:
கீழ்ச்செட்டு குத்துதாம்,
பந்தியில் அப்பளம்கூடத் தொடவில்லையாம்.
'டாக்டர்கிட்ட காட்டுங்க' என்பேன் எப்போதும்;
அச்சில் பிழை, என் கையில் இல்லை என்பேன்.
இன்றைக்கும் அதைத்தான் சொன்னேன்.
வைக்கப் போனவர் வைப்பதற்குள்
'நீங்க போற அன்னைக்கு
நானும் கூட வரட்டுமா' என்றேன்.
'எதுக்கு?'
'வாயைப் பார்க்க.'