தொண்ணூறிலிருந்து கழி

டிசம்பர் முடிவதற்குள் கையெழுத்து வேண்டுமாம்.
ரைமோவுக்கு எழுபத்தொன்று ஆகிவிட்டது.
இத்தனை காலம் போட்டுக்கொண்டே இருந்ததை
இனி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.
சட்டம்.

தண்டர் பே. மைனஸ் இருபத்தாறு.
சமையல் மேஜையில், ரை ரொட்டித் துணுக்குகள் நடுவே
வங்கிப் பெண் கொடுத்த படிவம்.
யார் வயதை வைத்துக் கணக்கிட?
உங்களுடையதா, துணையுடையதா?

என் வயது என்றால் குறைவாக எடுத்தால் போதும்.
தொண்ணூறிலிருந்து அறுபத்தைந்து போனால்
இருபத்தைந்து.
வருஷத்துக்கு இருபத்தைந்தில் ஒரு பங்கு.
ஆறு வயது இளையவளைக் கட்டியதில்
நாற்பது வருஷம் கழித்து ஒரு லாபம் என்றான்.

அதென்ன தொண்ணூறு?
யாரைக் கேட்டு வைத்தார்கள்?

உட்கார்ந்து தின்றால் குன்றும் கரையும்.
ஜன்னலுக்கு வெளியே ஏரிக்குள் மல்லாந்து கிடக்கும்
அரக்கன் மலை மட்டும்
கரைகிற மாதிரி தெரியவில்லை.

விறகுக் கணக்கில் அவன் தடுமாறியதே இல்லை.
அக்டோபரில் ஏழு வரிசை,
ஏப்ரலில் ஒன்று மிச்சம்.
குளிர்காலம் முடியும் என்று தெரிந்தால்
யாருக்கும் கணக்கு வரும்.

அவன் அப்பா ஐம்பத்தெட்டில் போனார், மரவெட்டி முகாமில்.
மெத்தைக்குள் ஒன்பது சம்பள உறைகள்,
பிரிக்காதவை.
அம்மா தொண்ணூற்றேழு வரை இருந்தாள்,
கடைசிப் பதினொரு வருஷம்
அடுத்தவர் வாங்கித் தந்த காலுறையில்.
இரண்டையும் பார்த்தவனிடம்
நாலு சதவீதமா அஞ்சு சதவீதமா என்று
எதைப் பேச?

ஆனாலும் பேசினேன். கத்தினேன் என்றே சொல்லலாம்.
இடது காதுக்குக் கருவி வாங்காமல் இரண்டு வருஷம்.
ஒரு காது போதும் ஐலா,
இந்த ஊரில் அதற்கு மேல் எவனும் பேசுவதில்லை
என்று சொல்லிவிட்டு
சவுனாவுக்கு நெருப்பு மூட்டப் போனான்.

நோட்டைத் திறந்தது அப்போதுதான்.
பென்சிலில் இரண்டு பத்திகள்.
'ஐலா' தொண்ணூற்று நாலு வரை இறங்கியது.
'ரைமோ' எழுபத்தொன்பதில் நின்றுவிட்டது.
கீழே கோடுகூட இல்லை.
அடுத்த வருஷத்திலிருந்து, என் பத்தியில்,
அதுவரை இல்லாத ஒரு செலவு:
பனி தள்ள ஆள், மாதம் நூற்றிருபது.

அழிக்க ரப்பரை எடுத்தேன்.
எதை அழிப்பது என்று தெரியாமல்
துணுக்குகளைத் துடைத்தேன்.

பிறகு படிவத்தில் என் வயதையே போட்டேன்.
அவன் கேட்டது அதுதானே.
கூடுதலாக எடுப்பதென்றால், என்ற கட்டத்தில்
மூவாயிரத்து இருநூறு.
காரணம் கேட்கவில்லை அவர்கள்.
நானாகவே ஓரத்தில் எழுதினேன்: இடது காது.

தோளில் ஆவி பறக்க உள்ளே வந்தான்.
இடப் பக்கமாகப் போய் நின்று
ஒன்று சொன்னேன்.

என்ன? என்றான்.

ஜனவரியில் சொல்கிறேன்.