முன்னுக்குப் பின்

சம்பளப் பட்டியலில் நான் கணக்காளன்.
கம்ப்யூட்டர் பார்ப்பது மேல்வேலை, அதற்குக் காசில்லை.
ஸுக்டிடியில் அக்டோபர் முழுக்க மழை.
கிடங்கில் பதினெட்டு டன் ஹேசல் பருப்பு,
நாளுக்கு நாள் ஈரம் ஏறிக்கொண்டு.
ப்ரேமனுக்கு விலை எழுதி அனுப்பினோம்.
போன வேகத்தில் திரும்பி வந்தது மெயில்,
நெற்றியில் ஐந்நூற்று ஐம்பது என்று முத்திரை வாங்கி.
சுருக்கிச் சொன்னால்
முன்னுக்குப் பின் முரண்.

மக்வாலா ஷெங்கேலியா, முதலாளி,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"முரண் யாரிடம்? என்னிடமா, பருப்பிடமா?"

எண்ணிடம், என்றேன்.
நம் சர்வர் அந்நிய வாசலில் நின்று
ஹலோ சொல்கிறது, பெயர் சொல்கிறது.
உள்ளே இருப்பவன் பெயரை நம்புவதில்லை.
வந்த எண்ணைத் தனியே கூட்டிப்போய்
நீ யார் வீடு என்று விசாரிக்கிறான்,
அதுவும் தலைகீழாய்த் தூக்கிப் பிடித்து,
27, 113, 0, 203 என வாலிலிருந்து.
நம் எண் கூசாமல் சொல்கிறது:
தங்க டால்பின் சூதாட்ட விடுதி, பட்டூமி.

அந்த விடுதி இழுத்து மூடி இரண்டு வருடம்.
அதன் எண்தான் நமக்கு வாடகைக்கு வந்திருக்கிறது,
பழைய பெயர்ப்பலகையோடு.
இந்தப் பெயருக்கு இந்த எண் என்று
எழுதிவைக்க என்னால் முடியும், எழுதியாயிற்று.
இந்த எண்ணுக்கு இந்தப் பெயர் என்று
எண்ணின் சொந்தக்காரன்தான் எழுத வேண்டும்.
பட்டா அவன் பேரில்.

புரியாது என்று காகிதத்தில் அம்புக்குறி போடப் போனேன்.
மக்வாலா கையமர்த்தினார்.
"போர் முடிந்து நாலாம் வருடம்
சுகுமியில் எங்கள் வீட்டு எண்ணை ஒருமுறை சுழற்றினேன்.
எடுத்தவர் வேறு பெயர் சொன்னார்.
மரியாதையாகத்தான் சொன்னார்."
பிறகு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு,
"சரி, சொந்தக்காரனைக் கூப்பிடு."

சொந்தக்காரன் என்றால் திபிலீசியில் ஒரு கம்பெனி.
நாற்பது நிமிடம் பியானோ வாசித்துவிட்டு
ரெவாஸ் என்றொரு பையனைக் கொடுத்தார்கள்.
கம்பெனி முத்திரையோடு விண்ணப்பம் கேட்டான்.
ஸ்கேன் செய்ததில் பருப்புத் தோலும் சேர்ந்து போனது.
பெயரை மாற்றினான், கடைசிப் புள்ளியை மறந்தான்.
புள்ளி இல்லாத பெயருக்கு
அந்தத் தலைகீழ் எண்ணே வாலாய் முளைத்தது.
மறுபடி பியானோ.

ஒரு முழு நாள் ஆகும், என்றான்,
எண்பத்தாறாயிரத்து நானூறு நொடி,
அதுவரை ஊர் பழைய பெயரையே சொல்லும்.
இரவு கிடங்கு அலுவலகத்திலேயே தங்கி
கறுப்புத் திரையில் கேட்டுக்கொண்டே இருந்தேன்.
டால்பின். டால்பின். தேநீர். டால்பின்.
நாலு மணி பத்துக்கு
எங்குரி பருப்பு ஏற்றுமதி, கடைசியில் புள்ளி.
பெயரைக் கேட்டால் எண். எண்ணைக் கேட்டால் பெயர்.
நான் சிரித்ததற்குக் காவல் நாய் எழுந்து பார்த்தது.

காலையில் ப்ரேமன் ஒரே வரி எழுதியிருந்தது:
ஈரப்பதம் ஆறு சதவீதத்துக்குள்தானே?

பதில் போடுமுன் சர்வரின் நாட்குறிப்பைப் புரட்டினேன்.
யாரோ இன்னும் தங்க டால்பினுக்கு எழுதுகிறார்கள்.
விடுதியின் பழைய பெயர் எங்கோ
நம் எண்ணையே கைகாட்டிக்கொண்டிருக்கிறது.
மூன்று மணிக்கு ஒருமுறை, மூன்றரைக்கு ஒருமுறை
வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள்.
நம் சர்வரும் சொல்லியிருக்கிறது ஐந்நூற்று ஐம்பது,
அப்படி யாரும் இங்கே இல்லை.

மக்வாலாவிடம் காட்டினேன்.
வெகுநேரம் அந்த வரியையே பார்த்திருந்தார்.
வெளியே லாரி பின்னோக்கி வரும் பீப் ஒலி.
"மரியாதையாகத்தானே சொல்கிறது?" என்றார்.