பதினான்காம் பக்கம்

சனிக்கிழமை ராத்திரி தேன்கனிக்கோட்டையில்
மாடி அறைக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து
ஒரு வாரத்துக்கான ஜப்பானை இறக்குகிறேன்.
நாற்பது அத்தியாயம்.
திங்கள் முதல் வெள்ளிவரை
அஞ்செட்டிக்கு அப்பால் துணை சுகாதார நிலையம்.
அங்கே டவர் இருப்பதாகக் கம்பெனி சொல்கிறது.
தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றால்
ஒரு கோடு வரும்,
நம்மைப் பார்த்ததும் போய்விடும்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பது தனி வேலை.
வெறும் ஒன்று இரண்டு என்று விட்டால்
டேப்லெட் ஒன்றுக்கு அடுத்துப் பத்தைத் திறக்கும்,
பத்தொன்பது முடிந்த பிறகுதான் இரண்டு.
முதல் தடவை தெரியாமல் படித்தேன்.
பத்தொன்பதில் பாலத்திலிருந்து விழுந்து செத்தவன்
இரண்டில் எழுந்து பல் விளக்கினான்.
ஏதோ பெரிய உத்தி என்று நினைத்து
அழுதும்விட்டேன்.
இப்போது எல்லாவற்றுக்கும் முன்னால்
சுழியம் போடுகிறேன்.
பூஜ்யங்கள் காவலுக்கு நின்றால்தான்
காலம் வரிசையில் வருகிறது.

கேபிளுக்குக் கழுத்து தளர்ந்துவிட்டது.
அசையாமலிருக்க
தடுப்பூசிப் பதிவேட்டை முட்டுக்கொடுத்திருந்தேன்.
எண்பத்தாறு விழுக்காட்டில் கரண்ட் போய் வந்தது.
ஒரு கோப்பு மட்டும் சரியாக ஏறவில்லை என்றது திரை.
ஒன்றுதானே.
தூங்கிவிட்டேன்.

திங்கள், ஆறே முக்கால் பஸ்.
காட்டு வளைவில் டிரைவர் இன்ஜினை அணைத்தார்.
ரோட்டின் நடுவே ஒரு யானை, அதன் குட்டி,
மூங்கிலுக்குள் முறியும் சத்தமாக இன்னும் சில.
"அதுங்க வேலைய முடிச்சிட்டுப் போவட்டும்"
பையை மடியில் வைத்துக்கொண்டார் கண்டக்டர் திம்மராயன்.
பிறகு என் கையைப் பார்த்து,
"சிஸ்டர் புக்கைக் கடைசியிலிருந்து படிக்கறாங்க!"

பக்கத்து சீட்டில், உள்பாவாடை மூட்டையோடு
ஜபீனாக்கா சிரிக்கவில்லை.
"வலதுலேருந்துதானே ஆரம்பம்?
எங்க உருதுவும் அப்படித்தான்."
இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது அவருக்கு.
ஆனால் எந்தக் கட்டத்துக்குப் பின் எந்தக் கட்டம் என்று
அவர் விரல் ஒருமுறைகூடத் தவறவில்லை.
இரண்டு வருஷமாய்ப் படிக்கும் நான்
இன்னும் இடதுக்கு ஓடி
பதிலை முதலில் படித்துவிட்டு
கேள்விக்குத் திரும்புகிறவள்.

முப்பத்தொன்றாம் அத்தியாயம், பதின்மூன்றாம் பக்கம்.
வெறுங்கையோடு நனைந்து வந்த தம்பி
அக்கா வீட்டுக் கதவைத் தட்டக் கை ஓங்குகிறான்.
பதினைந்தாம் பக்கம்.
திரும்பி நடக்கிறான்,
தலைக்கு மேல் ஒரு குடை.
நடுவில்
சாம்பல் சதுரம், அதில் கிழிந்த படத்தின் குறி.

"தொறந்திருப்பா" என்றேன். "பேசியிருப்பாங்க."
"தொறக்கல" என்றார் ஜபீனாக்கா.
"அவன் வருவான்னு தெரிஞ்சு
குடைய வெளியில சாத்தி வச்சிருக்கா."
முன் சீட்டிலிருந்து திம்மராயன்,
"யார் வீட்டு வாசல்லயாவது தூக்கிட்டு வந்திருப்பான்."
ஜபீனாக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.
"அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க" என்று
டேப்லெட்டைப் பிடுங்கி அவர் கண்ணுக்கெதிரே நீட்டினார்.
அவர் கண்ணாடியைத் தேடினார்.
யானைகள் எப்போது போயின
என்று ஒருவரும் பார்க்கவில்லை.
பஸ் நகர்ந்து இரண்டு வளைவு கடந்திருந்தது.

மறு சனிக்கிழமை
அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி இறக்கினேன்.
அரை வினாடிகூட ஆகவில்லை.
பக்கம் முழுக்கக் கதவு.
மூடிய கதவு.
ஆள் இல்லை, குடை இல்லை.
ஓரமாக, மொழிபெயர்த்தவர் தொடாமல் விட்ட
நாலு ஜப்பானிய எழுத்து,
ஏதோ ஒரு சத்தம்.
மழையா,
தாழ்ப்பாளா.

சுழியம் போட்டு ஏற்றினேன்.
பதிவேடு அசையவில்லை, கரண்ட் போகவில்லை.
அந்த நாலும் வலமும் இல்லை இடமும் இல்லை,
மேலிருந்து கீழே இறங்குகின்றன.
ஜபீனாக்காவைக் கேட்க வேண்டும்.